இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குழாயும்



மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைக் கண்டிராதவர் நம்மில் சிலரே இருப்பர். அப்பாறையின் நடுவிலுள்ள பிளவில் நாக அரசனும் நாக அரசியும் கைகூப்பி எழுந்து வருவதாகப் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கி வைத்திருக்கின்றனர். பாம்பை வணங்கியும் அதற்கு அஞ்சியும் வாழ்ந்த நாடு இது. செங்கற்பட்டைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன வயல்களிலும், கடற்கரையை அடுத்த புதர்க் காடுகளிலும் பாம்புகள் இன்றும் நம்மோடு வாழ்கின்றன. அவற்றுள் கண்ணாடிவிரியன் கடித்தவருக்கு மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை எவ்வாறு முன்கூட்டி அறிவிக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மூளையில் இரத்தம் கசிவது ஏன் இத்தனை கொடியது என்பதைக் காண்போம். கையிலோ காலிலோ இரத்தம் கசிந்தால், சுற்றியுள்ள தசை சற்று வீங்கி இடம் கொடுக்கும். மூளையோ மண்டையோடு என்னும் எலும்புப் பேழைக்குள் இருக்கிறது. அங்கே இடமில்லை. கசிந்த இரத்தம் மூளையையே நெருக்கும், நினைவு மங்கும், மூச்சும் நின்றுவிடக்கூடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் இரத்தக் கொதிப்பு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இறந்தது இந்நோயினால்தான்.

இத்தகைய நோயாளி பிழைப்பாரா என்று கணிக்க மருத்துவர்கள் பல அடையாளங்களைப் பார்க்கின்றனர். வயது, நினைவின் நிலை, கசிந்த இரத்தத்தின் அளவு, கசிந்த இடம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடும் முறையொன்று 2001இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. இவற்றோடு இரத்தப் பரிசோதனையும் துணை நிற்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதும், இரத்தம் உறையும் தன்மை குறைந்திருப்பதும் நல்ல அடையாளங்கள் அல்ல. உறையாத இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும் அன்றோ?

கண்ணாடிவிரியனின் நஞ்சு தாக்குவது இந்த உறையும் தன்மையைத்தான். நம் இரத்தத்தில் ஃபைப்ரினோஜென் என்னும் புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டவுடன் அது நூலிழைகளாக மாறி, வலைபோலப் பின்னிக் காயத்தை அடைக்கிறது. விரியனின் நஞ்சு என்ன செய்கிறது? காயம் ஏதும் இல்லாதபோதே உறைதலைத் தூண்டிவிடுகிறது. ஏரிக்கரை உடைந்தால் அடைப்பதற்கென ஊரார் மணல் மூட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மழை வருமுன்பே ஒருவன் அவற்றையெல்லாம் தெருவெங்கும் வீசித் தீர்த்துவிட்டால் என்ன ஆகும்? பிறகு கரை உடையும்போது அடைக்க ஒரு மூட்டையும் இராது. அவ்வாறே நஞ்சேறிய உடலில் ஃபைப்ரினோஜென் வீணே செலவழிந்து போகிறது. போதாக்குறைக்கு நஞ்சு இரத்தக் குழாய்களின் சுவரையும் சிதைக்கிறது. அதனால் பல் ஈறில் இரத்தம் கசியும். சிறுநீரில் இரத்தம் காணும். சிலருக்கு மூளையிலும் கசியும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கசிந்ததனால், உயிர் பிழைத்த பின்னும் நெடுங்காலம் சோர்ந்து வாடியவர்கள் பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் உண்டு.

இந்நஞ்சே ஒரு காலத்தில் மருந்தாகவும் பயன்பட்டது. இலண்டனில் மக்ஃபார்லேன் என்னும் மருத்துவரும், மிருகக்காட்சிசாலையில் பாம்புகளைக் கண்காணித்த பார்னெட் என்பவரும், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் நீர்த்த விரியன் நஞ்சை வைத்தால் இரத்தப்போக்கு நிற்கிறது என்று 1934இல் எழுதினர். காயத்தின் வாயில் துளியாக இருக்கும்போது உறைய வைப்பது, உடலெங்கும் பரவினால் உறையவொட்டாமல் செய்கிறது. அளவும் இடமும் மாறினால் பயனும் மாறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனிப் பரிசோதனைக்கு வருவோம். பாம்பு கடித்தவரின் நாளத்திலிருந்து 2 மில்லி லிட்டர் அளவு இரத்தம் எடுக்கிறார்கள். புதிய, தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அதனை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார்கள். இரத்தம் கட்டியாக நின்றால் நலம். நீர்போல வழிந்தால் நஞ்சு உறைதலைக் கெடுத்துவிட்டது என்று பொருள். நச்சுமுறி மருந்தை உடனே செலுத்த வேண்டும். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது ஏன்? கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டும் இயல்புடையது; பிளாஸ்டிக் அவ்வாறு தூண்டுவதில்லை. சோப்புத் தூளால் கழுவிய குழாயும் உதவாது. அதில் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும்.

மின்சாரமோ விலை உயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. 1965இல் தோன்றிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பெரிய மருத்துவமனையிலும் இதனைச் செய்யலாம். சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். மருந்து செலுத்தி 6 மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். செலவழிந்து போன உறைபொருள்களைக் கல்லீரல் மீண்டும் ஆக்கித் தர அவ்வளவு நேரம் ஆகும். அப்போது இரத்தம் உறைந்தால் நம்பிக்கை பிறக்கிறது. உறையாவிட்டால் மறுபடியும் மருந்து.

எனினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. கடித்த சிறிது நேரத்தில் நன்றாக உறைந்த இரத்தம் பிறகு உறையாமற் போகலாம். ஆகவே ஒருமுறை பார்த்து விட்டுவிடுதல் கூடாது. உறைதலின் குறை சிறிதாயின் இது காட்டாமலும் போகலாம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவன. அவை கடித்தால் இரத்தம் வழக்கம்போல உறையும். ஆள் மூச்சுத் திணறி இறக்கக்கூடும். கட்டுண்ட இரத்தத்தைக் கண்டு, ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்புவது பெரும் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னறிவிப்பு என்பது தலைவிதி அன்று. மூளையில் இரத்தம் கசிந்தவரை, இவர் பிழைக்கமாட்டார் என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டிச் சிகிச்சையைத் தளர்த்தினால் அவர் இறப்பார். முன்னறிவிப்பு பலித்தது என்போம்! பலிக்கச் செய்தவர்கள் நாமே என்பதை மறந்துவிடுவோம். இதனாலேயே, முதல் நாளின் எண்ணிக்கையைக் கொண்டு கைவிட வேண்டா என்று மருத்துவ அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். உறையாத இரத்தம் சொல்வது, ‘இவர் இறப்பார்’ என்பதன்று. ‘விரைந்து வா’ என்பதே. மூளையில் ஏற்கெனவே கசிந்த இரத்தத்தை நச்சுமுறி மருந்து மீட்டுத் தராது. கசியுமுன் அது உடலில் சேர வேண்டும்.

அம்மருந்தின் கதையும் இக்கடற்கரையோடு தொடர்புடையது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. பாம்புத் தோல் வாணிகம் 1970களில் தடை செய்யப்பட்டபோது, அத்தொழிலை நம்பியிருந்த இருளர் மக்கள் வாழ்விழந்து நின்றனர். 1978இல் தோன்றிய இச்சங்கம் அவர்களுடைய பரம்பரை அறிவுக்குப் புதிய வழி காட்டிற்று. நால்வகை நச்சுப் பாம்புகளைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து செய்கிறார்கள். செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். மருந்து இருக்கிறது; சோதனை இருக்கிறது; ஆள்தான் காலத்தில் வந்து சேருவதில்லை. கடிவாயைக் கீறியும், இறுகக் கட்டியும், மந்திரித்தும் அரிய நேரம் கழிந்துவிடுகிறது.

ஆகவே, மாணவர்களே, உங்கள் ஊரில் யாரையேனும் பாம்பு கடித்தால், அவரை நடக்கவிடாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வையுங்கள். கீறவும் உறிஞ்சவும் இறுகக் கட்டவும் வேண்டா. நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். அங்கே அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வேண்டியது 20 நிமிடந்தான். அந்த 20 நிமிடம் பயன்பட வேண்டுமானால், அதற்கு முந்திய நேரத்தை நாம் வீணாக்கலாகாது.