வேர் நீரில், இலை காற்றில்



முப்பத்திரண்டு ஆண்டுகள் தாவர இயல் கற்பித்தவன் நான். இலை எவ்வாறு மூச்சு விடுகிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து எத்தனை வகுப்புகளில் விளக்கியிருப்பேனோ, கணக்கில்லை. அத்தகையவன் வீட்டில், அந்தப் பாடத்தை மறந்ததனாலேயே ஒரு மீன் இறந்தது.

சென்ற ஆண்டு என் பேத்தியின் பிறந்தநாளுக்குச் சண்டை மீன் ஒன்று வாங்கி வந்தேன். கருநீல உடல், விசிறி போல் விரியும் சிவந்த துடுப்புகள். ஒரு சிறு கண்ணாடிக் குடுவையில் அதனை விட்டோம். "தாத்தா, மீனுக்குத் துணையாகச் செடி வேண்டாமா?" என்றாள். வாசலில் படர்ந்திருந்த மணி பிளான்ட் கொடியில் ஒரு துண்டை நறுக்கி, கல்லில் கட்டி, இலைகளோடு நீருக்குள் அமிழ்த்தினேன். பத்தே நாட்களில் இலைகள் பழுப்பேறிக் குழைந்தன. நீர் கலங்கி நாற்றமெடுத்தது. ஒரு காலையில் மீன் செத்து மிதந்தது. குழந்தை அழவில்லை. "நீங்கள்தானே சயன்ஸ் வாத்தியார்?" என்று மட்டும் கேட்டாள்.

பாடத்தை மீண்டும் திருப்பிப் பார்த்தேன். நிலத்துச் செடியின் இலைமேல் மெழுகுப் பூச்சு உண்டு. இலைத்துளைகள் காற்றிலிருந்து கரியமிலவாயுவை ஏற்பதற்கென அமைந்தவை. அவ்வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே அமிழ்ந்த இலை பட்டினி கிடந்து அழுகுகிறது. அழுகலிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. மீனின் கழிவும் எஞ்சிய இரையும் தரும் அம்மோனியா முன்பே அந்தக் குடுவையில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சிறிய அளவு நீர் எவ்வாறு தாங்கும்?

அதே கொடி, வேர் மட்டும் நீரிலும் இலைகள் காற்றிலும் இருந்தால், மீனுக்கு உதவி செய்கிறது. தொட்டியின் கற்களிலும் கண்ணாடியிலும் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டையும், அம்மோனியாவில் ஒரு பகுதியையும் வேர்கள் உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. செடி நீருக்குப் பிராணவாயு தருமென்று எண்ணிவிடாதீர்கள். வெளியே நிற்கும் இலை விடும் பிராணவாயு அறைக் காற்றையே சேரும்; வேரோ நீரிலுள்ளதைச் சிறிது செலவழிக்கவும் செய்யும்.

இந்த மீனின் தாயகம் முன்னாளில் சயாம் எனப்பட்ட தாய்லாந்து. 2019-இல் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. ஆழமில்லாத, செடிகள் மண்டிய நீர்நிலைகளும் நெல்வயல்களும் இதன் வாழிடம். அங்கே நீரில் பிராணவாயு குறைவு. அதனால் செவுளுக்கு மேல் மடிப்புகள் நிறைந்த ஓர் உறுப்பு இதற்கு அமைந்துள்ளது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கி, அவ்வுறுப்பினால் மூச்சு வாங்குகிறது. நீர்ப்பரப்பு முழுவதையும் கொடியால் அடைத்துவிட்டால் அது என்ன செய்யும்? பூச்சாடியின் வாயில் செடியை நட்டு, கீழே இந்த மீனை விட்டு, அது வேரைத் தின்று பிழைக்கும் என்று விற்றவர்களும் உண்டு. அதைப்போன்ற பொய் வேறில்லை. கொசுப்புழுவையும் சிறு பூச்சிகளையும் உண்ணும் ஊனுண்ணி அது.

இம்முறை இருபது லிட்டர் தொட்டி வாங்கினேன். கொடித்துண்டைத் தனிக் குப்பி நீரில் வேர்விடச் செய்து, பின்னர் தொட்டியின் ஒரு மூலையில் வேரை மட்டும் தொங்கவிட்டேன். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதை நிறுத்தவில்லை; செடி இருக்கிறதென்று அந்த வேலையை விட்டுவிட முடியாது.

சென்ற வாரம் புதிய மீன் அந்த வேர்களை ஒட்டி நீர்மேல் நுரைக்கூடு கட்டியிருந்தது. ஆண் மீன் முட்டைகளுக்காகக் கட்டும் கூடு அது. நீர் மாற்றப் பாத்திரத்தோடு சென்றேன். பேத்தி குறுக்கே நின்று, "இன்றைக்கு வேண்டாம் தாத்தா, வீடு கலைந்துவிடும்" என்றாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.