அளவை அறிந்தால் அச்சமில்லை

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"அறிவியலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அறிவியல் என்றதும், "அது பட்டணத்துச் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தும் அளந்தும் காண்பதற்குப் பகுப்பாய்வு வேதியியல் என்று பெயர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைக் கதையில் கேட்டிருக்கிறோம். அந்த வேலையை மனிதன் கருவி கொண்டு செய்கிறான். தோட்டத்துப் பால் கொட்டகையிலும் அது நடந்து வந்திருக்கிறது.

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு மெட்ரோலாக் தெரியும். தண்ணீர் கலந்து வைத்த மாதிரிப் பாலில் அதை மிதக்க விட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் கூடக் கூட அடர்த்தி குறையும். கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடினால் கருவி மேலெழும்பி நிற்கும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோம். 20 கிலோ பாலில் 36 விழுக்காடு ரப்பர் இருந்தால் உலர்ந்த ரப்பர் 7.2 கிலோ. மழை பெய்து அதில் 4 கிலோ தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பால் 24 கிலோ. விழுக்காடு 30ஆக இறங்கிவிடும். பெருக்கிப் பாருங்கள். அதே 7.2 கிலோதான்! நிறுவையும் அளவும் சரியாக இருந்தால், தண்ணீர் சேர்ந்தாலும் ரப்பர் கூடாது, குறையாது.

இதை ஏன் சொல்கிறேன்? என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். ஒரு மழைநாளில் மெட்ரோலாக்கைப் பார்த்துவிட்டு, "தண்ணி கலந்துட்டியா?" என்று பலர் முன்னிலையில் அவரைக் கேட்டார்கள். மங்கில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. அவர் தலைகுனிந்து வந்துவிட்டார். கருவி பொய் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறது என்றுதான் அது சொன்னது. எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்ல, அளவின் பொருள் தெரிந்த ஒரு மனிதன் வேண்டும். உலர்ந்த ரப்பருக்குத்தான் கூலி என்றால், தண்ணீர் கலந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்க அன்று அங்கே ஆளில்லை.

மெட்ரோலாக் உடனே விடை சொல்லும். ஆனால் வெப்பமும் நுரையும் அதைச் சற்றே தடுமாற வைக்கும். ஆய்வுக்கூடத்தில் மாதிரிப் பாலை நிறுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லியதாக அழுத்தி, கழுவி, சுமார் 70 பாகைச் சூட்டில் உலர்த்தி, மறுபடி நிறுப்பார்கள். நேரமாகும், ஆனால் அதுவே நம்பகமான அளவு.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அங்கும் இதே கதைதான். அடிபட்ட பழமும் அளவுக்கு மீறிப் பழுத்த பழமும் எண்ணெயில் அமிலத்தைக் கூட்டும். ஆலை ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் மாதிரியோடு காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். நிறம் மாறும்வரை எவ்வளவு செலவானது என்பதை வைத்து அமிலத்தைக் கணக்கிடுவார்கள்.

இனிப் பிரிக்கும் முறைக்கு வருவோம். 1903ஆம் ஆண்டு மிகாயில் சுவெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் வார்சா நகரில் ஒரு புதிய முறையை விளக்கினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, இலைச்சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானை இறங்க விடுவது அவர் முறை. பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் தோன்றும்! ஒவ்வொரு பொருளும் தூளைப் பற்றிக்கொள்ளும் பிடி வேறு; அதனால் இறங்கும் வேகமும் வேறு. 1906இல் அதற்கு அவர் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். நிறத்தை எழுதுதல் என்பது அதன் பொருள்.

பிறகு ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிஞ் என்ற இரு ஆங்கிலேயர்கள் கம்பளி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது 1941இல் இம்முறையைப் பெரிதும் வளர்த்தார்கள். 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் மார்ட்டினும் ஜேம்சும் ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு முறையை வெளியிட்டார்கள். செம்பனை எண்ணெயில் எந்தெந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு என்று இன்று அம்முறையால்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். 1955இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ், உலோக அணுக்கள் ஒளியை உறிஞ்சுவதைக் கொண்டு அவற்றை அளக்கும் வழியைக் காட்டினார். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அதாவது, ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம்! கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அந்த நஞ்சைக் கருவி கண்டு சொல்கிறது.

பிள்ளைகளே, இன்றிரவே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். வடிதாள் துண்டில், அடிமுனைக்குச் சற்று மேலே, தண்ணீரில் கரையும் கறுப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி நனையாமல் தாளின் நுனி மட்டும் தண்ணீரில் படட்டும். தண்ணீர் மேலேற, அநேகமாக அந்தக் கறுப்புக்குள்ளிருந்து நீலமும் சிவப்பும் மஞ்சளும் பிரிந்து வரும். சுவெட் கண்ட அதிசயம் உங்கள் அடுப்படியிலேயே நடக்கும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "வயித்துப் பாட்டுக்கு ஒரு வேலை கிடைச்சாப் போதும்" என்று பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கணக்கும் அறிவியலும் கடினம் என்று நீங்களே சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். நிறுவையும் அளவையும் இத்தனை காலம் மற்றவர் கையில் இருந்தன. நாம் வாங்கியதை வாங்கிக்கொண்டு வந்தோம். நம் பிள்ளைகள் அந்தக் கருவியைக் கையில் பிடிக்க வேண்டும். அது சொல்வதைப் படிக்க வேண்டும். அது சொல்லாததை எழுந்து நின்று, மரியாதையோடு, தலைநிமிர்ந்து எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பெறாதவர்கள் வருந்த வேண்டாம். அடுத்த ஆண்டும் விழா உண்டு.