சட்டையைத் தைத்த கை
(சிங்கப்பூரில் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் சட்டை எடுக்கிறோம். "இயற்கைப் பஞ்சு" என்ற சீட்டைக் கண்டு மகிழ்கிறோம். வயலில் செயற்கை உரமும் செயற்கைப் பூச்சி மருந்தும் இடவில்லை என்பதே அதன் பொருள். தைத்த பெண்ணின் கண்ணீரை அச்சொல் காட்டாது.

திண்டுக்கல் வட்டாரத்தில், 2021 ஜனவரியில், ஆடை ஆலையில் உழைத்த இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் பொங்கி எழுந்தது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. வன்கொடுமையைக் கண்காணிக்கும் பொறுப்பு தொழிலாளருக்கே என்றது அது! ஆலை வாக்குத் தவறினால் வணிகத்தில் நடவடிக்கை என்றும் விதித்தது. எச்.அண்ட்.எம். கம்பெனியும் கையொப்பமிட்டது.

தோழர்களே! நமக்கு மட்டும் கேளாமல் எந்த உரிமை வந்தது? ஆகவே சீட்டை மட்டும் பாராதீர். "தைத்தவருக்குச் சங்கம் உண்டா?" என்று கடையில் கேளுங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!