கணக்கேட்டில் மறைந்திருந்த சிறுவர்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியாவில் வறுமை ஏறக்குறைய ஒழிந்துவிட்டதென்றே கற்றோர் பலரும் நம்பினர். யோர்க் நகரில் 1950ஆம் ஆண்டு ரவுண்ட்ரி நடாத்திய ஆய்வு அந்நம்பிக்கைக்கு அரணாயிற்று.

அதனை அசைத்த இருவருள் ஒருவர் பிரயன் ஏபல்-சிமித். கேம்பிரிட்ஜிற் பொருளியல் பயின்று, 1955 முதல் இலண்டன் பொருளியற் கல்லூரியிற் கற்பித்தவர். அவரும் சமூகவியலாளர் பீற்றர் டவுன்செண்டும் இதற்கென வீடுவீடாகச் செல்லவில்லை. குடும்பச் செலவு பற்றி அரசாங்கமே திரட்டி வைத்திருந்த கணக்குகளை எடுத்து, அரசாங்க உதவிப்பண அளவிலும் நூற்றுக்கு 40 கூடிய வருமானத்தை எல்லையாக வைத்து மீள எண்ணினர். எல்லை உயர்ந்ததென வாதிடலாம். ஆயினும், உதவி பெறுவோர்க்குக் கிடைத்த மேலதிகச் சலுகைகளைக் கருதியே அஃது அவ்வாறு வகுக்கப்பட்டது.

முடிவு 1965 மார்கழியில் வெளிவந்தது. 1960இல் வறியோர் ஏறத்தாழ 75 இலட்சம். அவர்களுள் 22 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சிறுவர்! வறுமை முதியோர்க்கே உரியதென எண்ணியிருந்தோர் திகைத்தனர். தந்தை தவறாது வேலைக்குச் செல்லும் இல்லங்களிலும் பிள்ளைகள் வறுமைப்பட்டமையே அவர்களை மிகவும் உறுத்தியது.

அந்நாளில் குடும்பப்படி இரண்டாம் பிள்ளையிலிருந்தே வழங்கப்பட்டது. 1974இல் ஏபல்-சிமித் அமைச்சர் பார்பரா காசிலின் ஆலோசகரானார். அடுத்த ஆண்டிற் பிள்ளைப்படிச் சட்டம் நிறைவேறிற்று. 1977 சித்திரை முதல் முதற் பிள்ளைக்கும் வாரம் 1 பவுண் தாயின் கையிற் சேர்ந்தது.