எஞ்சின் ஏன் கொதிக்கிறது?
(வாகனம் ஓட்டும் இளைஞர்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மேடு ஏறும்போது காரோ வேனோ கொதித்து நின்றால் நாம என்ன செய்றோம்? உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறோம். அதுதான் ஆபத்து. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிறுத்துங்கள், அரைமணி நேரமாவது ஆற விடுங்கள். வண்டியில் இருப்பவர்களும் அவசரப்படுத்தக் கூடாது.

ஆறியபின் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. போன தண்ணீர் எங்கே போச்சு என்று தேடணும். கீழே ஈரமா? ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று ஒழுகுது. தண்ணீர் குறையவில்லையா? பெல்ட் தளர்ந்திருக்கா, பேன் சுத்துதா என்று பாருங்கள். எஞ்சின் கொதித்தும் மேல் ஹோஸ் சூடேறாவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். வெளியே ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறைந்து, ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

நடுராத்திரியில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது உங்கள் வண்டிதான். தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீரைப் பாருங்கள்.