அடுப்படியிலேயே இருக்கிறது விஞ்ஞான பாடம்

(முள்ளியவளையில் பெற்றோர், முன்பள்ளி ஆசிரியைமார் மத்தியில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. தோட்டத்துக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



நான் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறேன். வன்னிக்கு மலையகம் தூரத்துச் சொந்தம் இல்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. ஆகவே சொந்தக்காரரிடம் பேசுவது போலவே பேசுகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு என்பதை எப்படி விளங்க வைப்பது? இதுதான் இன்றைய விஷயம். "அது டீச்சர் பார்க்கிற வேலை, நமக்கு என்ன தெரியும்?" என்று தாய்மார் சொல்லுவார்கள். ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடம் இருக்கிறது. தரம் 6இல் விஞ்ஞானம் தனிப் பாடமாக வந்துவிடும். அந்த நேரம் சொல்லை மட்டும் பாடமாக்கிய பிள்ளை தடுமாறும். பொருளைத் தொட்டுப் பார்த்த பிள்ளை தடுமாறாது. தொட்டுப் பார்க்க வைக்கிறதற்குப் படிப்பு தேவையில்லை. அடுப்படி போதும்.

கல்லை எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் அது தன் உருவத்தை விடாது. அது திண்மம். தண்ணீர் கோப்பையில் கோப்பை மாதிரி, போத்தலில் போத்தல் மாதிரி நிற்கும். ஆனால் அளவு மாறாது. அது திரவம். காற்று இருக்கிற இடம் முழுவதும் பரவிவிடும். அது வாயு. இவ்வளவுதான் பாடம். ஆனால் இதை முதலில் சொல்லிவிடாதீர்கள். முதலில் கேளுங்கள்.

சீனியைக் கோப்பையில் கொட்டிவிட்டு, "இது திண்மமா, திரவமா?" என்று கேளுங்கள். "ஊற்ற முடியுதே, அப்ப திரவம்தான்" என்று பல பிள்ளைகள் சொல்லும். ஏசக் கூடாது. பிள்ளை யோசித்துத்தான் சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு சீனி மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது தன் உருவத்தை விடவில்லை. தட்டில் கொட்டினால் சீனி குவியும், தண்ணீர் குவியாது. அரிசி, உப்பு, மணல் எல்லாம் அப்படித்தான்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். அங்கே காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். முள்ளியவளையில் அதே எண்ணெய் தண்ணீர் போல ஓடுகிறது. "எண்ணெய் வேறயா, இடம் வேறயா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பொருள் மாறவில்லை, சூடு மாறினதால் நிலை மாறியது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஐஸ் உருகுகிறதும், மெழுகுதிரி உருகி மறுபடி இறுகுகிறதும் இதே கதைதான்.

பிள்ளைக்குக் கஷ்டமானது வாயு. கண்ணுக்குத் தெரியாததால் "ஒன்றுமில்லை" என்று நினைக்கும். ஒரு கோப்பையின் அடியில் கடதாசியைக் கசக்கி இறுக்கிவிட்டு, தலைகீழாக நேரே வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். நேரே வெளியில் எடுத்தால் கடதாசி நனைந்திருக்காது. தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது யார்? காற்றுத்தான்.

தண்ணீர் கொதிக்கும்போது வருகிற குமிழிக்குள் என்ன இருக்கிறது? நியூசிலாந்தில் ஒஸ்போர்ன், கொஸ்கிரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் இதைக் கேட்டு 1983இல் எழுதினார்கள். காற்று என்று சொன்னவர்களும் உண்டு, வெறும் சூடு என்று சொன்னவர்களும் உண்டு. உயர் வகுப்பு மாணவர்கள்கூடத் தடுமாறினார்கள். உண்மையில் அது நீராவி, அதாவது வாயுவான தண்ணீர். ஆகவே நம் பிள்ளை தவறாகச் சொன்னால் மண்டையில் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள்.

வெயில் நேரம் ஐஸ் போட்ட போத்தலின் வெளியே ஈரம் பிடிக்கும். "உள்ளே இருந்து கசிஞ்சிருக்கு" என்று பிள்ளை சொல்லும். போத்தலில் சிவப்புச் சர்பத் ஊற்றி வைத்துப் பாருங்கள். வெளியே பிடிக்கிற துளி சிவப்பாக இருக்காது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சுற்றியுள்ள காற்றில் இருந்த நீராவிதான் குளிர்பட்டுத் துளியானது. சோற்றுச் சட்டி மூடியில் சொட்டுகிறதும் இதேதான்.

மலையில் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு இன்னொரு பாடம் கையிலேயே இருக்கிறது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஸ்டோரில் வாட்டி, அரைத்து, காய வைத்து முடிக்கும்போது ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. மிச்ச பாரம் எங்கே? தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. இங்கே உள்ளவர்கள் ஆனையிறவு உப்பளத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். கடல் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும், உப்பு மிஞ்சும். கொழுந்துக்கும் உப்புக்கும் ஒரே பாடம்.

இரண்டு எச்சரிக்கை. கேத்தல் வாயில் வருகிற ஆவி பொல்லாதது. தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது கூடுதல் சூட்டையும் கொடுக்கும். ஆகவே அடுப்புச் சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். மற்றது, ஊற்றுகிற எல்லாம் தண்ணீர் இல்லை. மண்ணெண்ணெயையும் புல்லு மருந்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆசிரியைமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரே அளவு தண்ணீரை ஒடுங்கிய உயரமான கிளாசுக்கு மாற்றினால் "கூடிப்போச்சு" என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதை எடுத்துக் காட்டினார். ஏழு வயதை அண்டும்போதுதான் பல பிள்ளைகளுக்கு இது பிடிபடும். அவசரப்படுத்தாமல், திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்க்க விடுங்கள்.

வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் ஒரு கேள்வி கேளுங்கள், போதும். பதில் தெரியாவிட்டால், "வா, ரெண்டு பேரும் பார்ப்பம்" என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாயும் அப்படிச் சொல்லலாம். அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் பயப்படாமல் கை தூக்கும்.