சூடான சோறு யாருக்கு?



திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் வருகிற ஊர் ரெட்டியார்சத்திரம். பேருந்தில் போகிறவர்களுக்கு இது ஒரு நிறுத்தம். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குக் காலை நீட்டி உட்கார ஒரு நிழல். இங்கேயே வாக்கப்பட்டு, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே தலை நரைக்கிற எங்களுக்கு இது செம்மண், கிணறு, முருங்கை, நாலு மாடு, மழைக்குக் காத்திருக்கும் மானாவாரிக் காடு. இந்த மண்ணில் கணவன் மனைவியாக வாழ்கிறவர்களின் சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பற்றி இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சந்தோஷம் என்றதும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, புது வீடு என்றுதான் மனசு ஓடும். அவையெல்லாம் வருஷத்தில் சில நாள். மீதி முன்னூற்றுச் சொச்ச நாளை ஓட்டுவது எது? கணக்கில் வராத, போட்டோவில் விழாத சின்ன விஷயங்கள்தான்.

விடியற்காலையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு எழுந்து பால் கறந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து குடிக்கிற முதல் டீ. தொழுவத்து ஆணியில் தொங்கும் ரேடியோவில் கோடைப் பண்பலை தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரும் யாரிடமும் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. "செவலைக்கு இன்னிக்குப் பால் கொறஞ்சிருக்கு" என்பாள் அவள். "தீவனம் மாத்துனோம்ல, அதான்" என்பார் அவர். அவ்வளவுதான் பேச்சு. அதிலேயே ஒரு நிறைவு இருக்கும்.

அப்புறம் தண்ணீர் பாய்ச்சுகிற ராத்திரிகள். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் பல காலம் முறைவைத்துத்தான் வந்தது. நடுச்சாமத்தில் முறை வந்தால் நடுச்சாமத்தில்தான் எழுந்து போக வேண்டும். அவர் மோட்டார் போட, அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மடை மாற்ற, ஒரு பாத்தி நிரம்பும்வரை இருவரும் வரப்பில் குந்தியிருப்பார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் நிறைந்த வீட்டில் பகலில் பேசக் கிடைக்காத பேச்செல்லாம் அந்த வரப்பில்தான் நடந்திருக்கும். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, நகையை எப்போது திருப்புவது, மச்சினன் கேட்ட பணத்துக்கு என்ன சொல்வது. எங்கள் பக்கத்துப் பல குடும்பங்களின் பெரிய முடிவுகள் மடை திருப்பும்போது எடுத்தவை.

பூக்காடு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் வேறொரு சுகம். மல்லிகையை மொட்டாக, வெயில் ஏறும் முன்னே பறித்துவிட வேண்டும். திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும். மார்கழிப் பனியில் செடி பூப்பது குறைந்துபோகும். பொங்கல் நெருங்கும்போது ஒரு கிலோ ஆயிரங்களைத் தொடும். அந்த விலை விற்கிற நாளிலும், எடை போடுவதற்கு முன்னால் ஒரு பிடி மொட்டை எடுத்து ஓரமாக வைக்கிற கணவர்கள் இருக்கிறார்கள். "இந்தா புள்ள, வச்சுக்க." அவளுக்கு அந்தப் பிடியின் விலை தெரியும். தெரிந்துதான் வைத்துக்கொள்கிறாள்.

இன்னொன்று, டவுனுக்குப் போய்வருவது. 2021லிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புருஷனும் பொண்டாட்டியும் ஏறினால் அவருக்கு மட்டும்தான் டிக்கெட் காசு. "உன்னால எனக்குச் செலவு இல்ல, என்னாலதான் எனக்குச் செலவு" என்று அவர் சலித்துக்கொள்வதும், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பதும் எங்கள் பேருந்துகளில் பார்க்கிற காட்சிதான். ஒரு வேலை முடித்து, சீரகச் சம்பா பிரியாணி ஒன்றை வாங்கி ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். உல்லாசப் பயணம் என்று இதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை. ஆனால் அவர்களுக்கு இது அதுதான்.

நேயர்களே, இந்தச் சந்தோஷங்களுக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்று சொல்லி, இதோடு முடித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் நான் கேட்க வந்த கேள்வி இனிமேல்தான் இருக்கிறது.

அந்தத் திண்ணை டீயைப் போட்டது யார்? ராத்திரி வரப்பில் குந்தியிருந்துவிட்டு, விடிந்ததும் வாசல் தெளித்தது யார்? காட்டிலிருந்து இருவரும் ஒன்றாகத்தானே வீடு திரும்புகிறார்கள். அவர் கைகால் கழுவிக் கட்டிலில் சாய்கிறார். அவள் அப்படியே அடுப்படிக்குப் போகிறாள். களிக்கும் முருங்கைக்கீரைக்கும் ஆவி பறக்கும் சோற்றுக்கும் அவர் சப்புக்கொட்டுகிறார். அவருக்குப் போட்டு, மாமனாருக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, அவள் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். மொச்சைக்கொட்டைக் குழம்பில் மொச்சை இருக்காது. ஒரே வீடு, ஒரே உலை. ஒருவருக்குச் சூடாகக் கிடைத்த இன்பம் இன்னொருவருக்கு ஆறிப்போய்க் கிடைக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது. யார் யார், எந்த வேலைக்கு, ஒரு நாளில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிடம். அதாவது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதே வேலையில் கை வைக்கிற ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். கவனியுங்கள், கை வைக்கிற ஆண்கள்! நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் கையே வைக்கவில்லை என்கிறது அதே கணக்கு.

ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பாம்பு நடமாடும் வரப்பில் இருட்டில் போகிறவர் அவர். தக்காளி விலை விழுந்தால், ஏற்றிக்கொண்டு போன கூடைகளை வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாத விலைக்குத் தள்ளிவிட்டு, வீட்டில் முகத்தைக் காட்டாமல் வந்து படுக்கிறவர் அவர். கடன்காரர் பேச்சை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, உள்ளே வரும்போது "ஒன்னுமில்ல" என்கிறவர் அவர். அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மனைவியும் நன்றியுள்ளவள்தான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? உழவுக்கு டிராக்டர் வந்தது. எங்கள் ஊரிலேயே இந்தோ இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குழித்தட்டு நாற்றும் சொட்டுநீருமாக விவசாயமே மாறிக்கொண்டிருக்கிறது. சொட்டுநீர் வந்த காட்டில் ராத்திரி மடை மாற்றுகிற வேலை இல்லை. இருவருக்கும் ஒரு தூக்கம் மிச்சம். ஆனால் களை எடுப்பதும், காய் பறிப்பதும், பூப் பறிப்பதும் இன்னும் கையால்தான். அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை.

ரெட்டியார்சத்திரத்தில் கோபிநாதசாமி மலை இருக்கிறது. மாடு கன்று வைத்திருப்பவர்கள் வேண்டிக்கொள்கிற சாமி. கன்று நல்லபடியாகப் பிறந்தால் மலையேறி நன்றி செலுத்துகிறோம். செலுத்த வேண்டியதுதான். சினை பிடித்த நாள் முதல் அந்த மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டு, தண்ணி காட்டியவள் இருக்கிறாளே, அவளுக்கு எந்த மலையில் ஏறுவது? ஒரு மலையும் ஏற வேண்டாம். அடுப்படிவரை நடந்தால் போதும்.

திருக்குறளில் ஒரு வரிசை இருக்கிறது. செய்ந்நன்றி அறிதலை வள்ளுவர் அரசியல் பேசுகிற பொருட்பாலில் வைக்கவில்லை, துறவறத்திலும் வைக்கவில்லை. இல்லறவியலில் வைத்தார். இல்வாழ்க்கை ஐந்தாம் அதிகாரம், வாழ்க்கைத் துணைநலம் ஆறாவது, பிறகு மக்கட்பேறு, அன்பு, விருந்து. பத்தாவது இனியவை கூறல், பதினோராவது செய்ந்நன்றி அறிதல். வெளியாள் செய்த உதவிக்கு மட்டுமில்லை, வீட்டுக்குள் நடக்கிற உதவிக்கும் அந்தப் பாடம் பொருந்தும் என்றே நான் படிக்கிறேன். இனிமையாகப் பேசக் கற்றுக்கொண்டு, அடுத்த படியாக நன்றி அறியச் சொல்கிறது அந்த வரிசை. நம்மில் பலர் பத்தாவது படியிலேயே நின்றுவிடுகிறோம். "நல்லா சமைச்சிருக்க" என்று இனியவை கூறுகிறோம். கூறிவிட்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

பேச்சைத் தாண்டி நன்றியை வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட தம்பதிகள் நம் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்கள். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறதே, அதை 1947இல் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதன்பிறகு மருத்துவம் படித்தவர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியபோது, ஒரு வருஷம் பிரிந்திருங்கள், பிறகும் மனசு மாறவில்லை என்றால் பார்க்கலாம் என்றார் காந்தி. மனசு மாறவில்லை. 1940இல் கல்யாணம் நடந்தது. பிறகு அந்தத் தம்பதி வந்து இறங்கியது நம் வறண்ட சமவெளியில். சிறு மருத்துவமனையாக ஆரம்பித்தது இன்று கஸ்தூர்பா மருத்துவமனை. பள்ளியாக, பயிற்சியாக வளர்ந்தது கிராமியப் பல்கலைக்கழகம். அந்த வீட்டில் மனைவியின் தொழிலுக்குக் கணவர் இடம் கொடுத்தார் என்று சொன்னால்கூட அது குறைவு. இருவரின் வேலைக்கும் ஒரே மரியாதை இருந்தது.

இன்னொரு தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் நம் பட்டிவீரன்பட்டிப் பக்கத்துப் பெண். நிலமில்லாத ஏழைக் குடும்பம். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று இருந்து, 1950இல் மணம் முடித்தவர்கள். வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் நடந்தார்கள். மாறி மாறிச் சிறைக்குப் போனார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வேலையைச் சுமந்தார். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கம், தஞ்சை மண்ணின் கூலிக் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கிக் கொடுத்தது. யார் பெயரில் தெரியுமா? வீட்டுப் பெண்ணின் பெயரில். உழைத்தவளுக்குச் செய்கிற நன்றிக்கு இதைவிடக் கெட்டியான வடிவம் இருக்கிறதா?

அதனால்தான் சொல்கிறேன். "இருக்கிறதை வச்சு சந்தோஷமா இரு" என்ற புத்திமதி எப்போதும் மனைவிக்கே போகிறது. ஆறிப்போன சோற்றையே பாக்கியமாக நினை என்று அவளிடம் சொல்வது நன்றியைப் பற்றிய பாடம் ஆகாது. அது அவள் வாயை மூடுகிற வழி. சின்னச் சந்தோஷத்துக்கு நன்றி என்றால், அதைச் செய்து கொடுத்தவருக்கும் அதே சந்தோஷம் அதே சூட்டில் கிடைக்க வழி பண்ணுவதுதான்.

இது பெரிய காரியம் இல்லை. சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பியதும் அவர் அடுப்பைப் பற்றவைத்தால், அவள் பத்து நிமிஷம் காலை நீட்டலாம். வாரத்தில் ஒரு நாளாவது அவளை உட்காரவைத்து முதலில் பரிமாறலாம். குழம்பின் அடியில் கிடக்கும் மொச்சை அவள் தட்டுக்கும் வரட்டும். பால் பணம் வருகிற நாளில், மாட்டைப் பார்த்துக்கொண்டவளின் கையில் ஒரு பங்கு தனியாகப் போகட்டும். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிருக்குக் கொடுக்கிற திட்டத்தை 2023இல் தொடங்கியபோது, அரசே அதை உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்றது. வீடு அதற்குப் பின்தங்கி நிற்கலாமா? ஒரு துண்டு நிலமோ மனையோ வாங்கும்போது அவள் பெயரிலேயே பத்திரம் எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. நன்றியும் ஆச்சு, மிச்சமும் ஆச்சு.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் போடுகிற முதல் டீ தண்ணியாக இருக்கும். சோறு குழையும். கேலி பண்ணி அவரைத் திரும்ப வரப்புக்கே விரட்டிவிடாதீர்கள். குழைந்தாலும் அது உங்களுக்காக இறக்கிய சோறு. சூடாகச் சாப்பிடுங்கள்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சில வீடுகளில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். அண்ணன்மார்களே, மாமன்மார்களே, ரேடியோ இருக்கிற இடத்திலேயே பாடட்டும். நீங்கள் எழுந்து போய்ச் சோற்றை வடியுங்கள்.